கடைசியாகக் கை உயர்த்திய கண்டாம்

ஜப்பானின் யோக்கஹாமா துறைமுகத்தில் நின்ற 18 மீட்டர் உயர இயந்திர மனிதன், 2024 மார்ச் 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையுடன் ஓய்வு பெற்றது. நம் வீவக புளோக்கில் வைத்துப் பார்த்தால் ஆறு மாடி உயரம். எடை ஏறக்குறைய 25 டன். கையை நீட்டும், விரல்களை மடக்கும், தலையைத் திருப்பும், ஒரு முழங்காலை மடித்து அமரும்.

'கண்டாம் ஃபேக்டரி யோக்கஹாமா' என்ற இந்தக் காட்சித்தளம் 2020 அக்டோபரில் திறக்கப்பட வேண்டியது. கொவிட்-19 காரணமாகத் தள்ளிப்போய் டிசம்பர் 19ஆம் தேதி திறக்கப்பட்டது. 2022 மார்ச் வரைதான் என்று முதலில் அறிவித்தார்கள். ஓராண்டு நீட்டித்தார்கள். பின்னர் இன்னோர் ஆண்டு. மூன்றாவது நீட்டிப்பு இல்லை என்று தெரிந்ததும், இனியும் தள்ளிப்போட்டால் பார்க்கவே முடியாது என்று விமானச்சீட்டு வாங்கினேன்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் மாணவி. 2024 பிப்ரவரி இறுதியில் கிடைத்த ஒருவார விடுப்பில் போய்வந்தேன். துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம். துணைக்கு வந்தவர் அப்பா.

'கண்டம்' என்று படித்துவிடாதீர்கள். நான் முதன்முதலில் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது அப்பாவும், "ஏம்மா, ஜோசியர் சொல்ற கண்டமா?" என்றுதான் கேட்டார்.

*பாதியில் நிறுத்தப்பட்ட கதை*

கண்டாம் என்பது ஒரு ஜப்பானிய உயிரோவியத் தொடரின் பெயர். அதில் வரும் இயந்திரத்தின் பெயரும் அதுவே. 1979 ஏப்ரல் 7ஆம் தேதி ஒளிபரப்பு தொடங்கியது. இயக்குநர் யோஷியுக்கி டொமினோ. மக்கள்தொகை பெருகி, மனிதர்களில் பெரும்பகுதியினர் விண்வெளியில் சுழலும் ராட்சத உருளைகளுக்குள் குடியேறிவிட்ட எதிர்காலம். அந்த உருளைக் குடியிருப்புகள் வெறும் கற்பனை அல்ல. அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓநீல் 1970களில் கணக்குப் போட்டு முன்வைத்த யோசனையை ஒட்டியவை.

அந்தக் குடியிருப்புகளில் ஒன்று பூமிக்கு எதிராகப் போர் தொடுக்கிறது. அமுரோ ரே என்ற 15 வயதுச் சிறுவன், தன் குடியிருப்பு தாக்கப்படும்போது அங்கிருந்த ராணுவ இயந்திரம் ஒன்றில் ஏறி, கையேட்டைப் புரட்டிக்கொண்டே அதை இயக்குகிறான். அதுதான் கண்டாம்.

அதற்கு முன்பிருந்த ரோபோ தொடர்களில் பெரும்பாலும் ரோபோ ஒரு மாவீரன். கண்டாமில் அது ஒரு கருவி. அடிபட்டால் பழுதுபார்க்க வேண்டும், எரிபொருள் தீர்ந்தால் நிற்கும், உதிரிப்பாகம் வராவிட்டால் அடுத்த சண்டைக்குப் போக முடியாது. எதிரிப் பக்கத்திலும் குடும்பமும் அச்சமும் உள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். சிறுவர்களுக்கான தொடருக்கு இது கொஞ்சம் கனமான விஷயம்தான். பார்ப்பவர்கள் குறைவாக இருந்ததால், 52 பாகங்களாகத் திட்டமிடப்பட்ட தொடர் 43 பாகங்களுடன் 1980 ஜனவரியில் முடித்துவைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூலையில் பண்டாய் நிறுவனம் கண்டாமின் பிளாஸ்டிக் மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து நாமே பொருத்த வேண்டும். விலை 300 யென். அது பரபரப்பாக விற்றது. தொடரைச் சுருக்கித் தொகுத்து 1981, 1982ஆம் ஆண்டுகளில் மூன்று திரைப்படங்கள் வந்தன. அவற்றுக்குக் கூட்டம் அலைமோதியது. 'கன்ப்லா' எனப்படும் அந்த மாதிரிகள் இன்றும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கின்றன.

எனக்கு முதல் கன்ப்லா கிடைத்தது தொடக்கநிலை ஐந்தில். அத்தை மகன் தேசிய சேவைக்குப் போகும்போது, பிரிக்காத பெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நகவெட்டியால் பாகங்களை வெட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து பொருத்தினேன். தொடரைப் பார்த்தது அதற்கும் பிறகுதான்.

*144 மடங்கு பெரிதாக்கினால்*

அந்த மாதிரி 1/144 அளவு. 18 மீட்டரை 144ஆல் வகுத்தால் 12.5 சென்டிமீட்டர். என் மேசை மீது பத்தாண்டுகளாக நிற்கிறது. ஒற்றைக்காலில் நிறுத்தினாலும் நிற்கும், கையை நீட்டிவைத்தால் நீட்டியபடியே இருக்கும். அப்படியானால் அதையே 144 மடங்கு பெரிதாகச் செய்தால் என்ன?

உயர்நிலைப்பள்ளிக் கணிதம் போதும், போட்டுப் பார்க்கலாம். உயரம் 144 மடங்கு கூடும்போது, கணுக்காலின் குறுக்குவெட்டுப் பரப்பு 144 × 144, அதாவது 20,736 மடங்கு கூடும். ஆனால் கனஅளவு 144 × 144 × 144, அதாவது 2,985,984 மடங்கு ஆகிவிடும். ஏறக்குறைய மூன்று மில்லியன். எடை கனஅளவைப் பொறுத்தது. தாங்கும் வலிமை குறுக்குவெட்டைப் பொறுத்தது. ஆகவே, அதே பொருளால் செய்தால், கணுக்காலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் முன்பைவிட 144 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும்.

இதைக் கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலேயே விளக்கியிருக்கிறார். யானையின் கால் மானின் கால்போல் ஒல்லியாக இல்லாததற்கும், எறும்பு யானை அளவுக்கு வளர முடியாததற்கும் இதுவே காரணம்.

கதைப்படி கண்டாமின் எடை 43.4 டன். கதையில் அதற்கென ஒரு சிறப்பு உலோகம் உண்டு. நிஜத்தில் அது இல்லை. யோக்கஹாமாவில் உள்ளே எஃகுச் சட்டமும் வெளியே கரிம இழை கலந்த பிளாஸ்டிக் கவசமும் வைத்து, எடையை 25 டன்னுக்குக் குறைத்திருந்தார்கள். கதையைவிட நிஜம் இலேசாகிவிட்டது!

இதற்கான திட்டம் 2014இல் தொடங்கியது. தொடரின் 40ஆம் ஆண்டான 2019க்குள் 18 மீட்டர் கண்டாமை அசையவைப்பது என்று அறிவித்து, உலகெங்கிலுமிருந்து யோசனை கேட்டார்கள். முடிக்க ஓராண்டு கூடுதலாகப் பிடித்தது.

*கடலோரத்தில் ஒரு பணிமனை*

மினாத்தோமிராய் ரயில்பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கி, யமாஷித்தா பூங்கா வழியாக நடந்தோம். பூங்காவின் ஓரத்தில் ஹிக்காவா மாரு என்ற பழைய பயணிகள் கப்பல் நிரந்தரமாகக் கட்டிவைக்கப்பட்டுள்ளது. 1930இல் ஓடத் தொடங்கிய கப்பல். 1961லிருந்து அதே இடத்தில் நிற்கிறது. அப்பா அங்கேயே கால்மணி நேரம் நின்றுவிட்டார். நம்மூர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பராமரிக்கும் வேலையில் 29 ஆண்டுகளாக இருப்பவர் அவர். கப்பலைக் கண்டால் கால் நகராது.

நுழைவுக்கட்டணம் 1,650 யென், சுமார் 15 வெள்ளியாக இருந்தது. கண்டாமுக்கு அருகிலிருந்த உயரமான பார்வைத்தளத்திற்கு ஏற இன்னொரு 3,300 யென். "நீ போ. நான் கீழ நின்னு பாத்துக்குறேன். இருபத்தொம்போது வருஷமா ஏறி இறங்குனது போதும்," என்றார் அப்பா.

மேலே ஏறினேன். கண்டாமின் முகம் எனக்கு நேராக இருந்தது. புகைப்படங்களில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. அது வழுவழுப்பான பொம்மையாக இல்லை. கவசத் தகடுகளுக்கு இடையே கோடுகள், சிறிய எச்சரிக்கை எழுத்துகள், கழற்றி மாட்டுவதற்கான இடைவெளிகள். தினமும் யாரோ கைவைத்து வேலைசெய்யும் இயந்திரம் என்று பார்த்தவுடன் புரிந்தது.

நேரம் வந்ததும் இசை எழுந்தது. விளக்குகள் எரிந்தன. தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. பிறகு உடல் முழுவதும் பணிமனைச் சட்டத்தைவிட்டு முன்னால் நகர்ந்தது. கால் ஒன்று உயர்ந்து இறங்கியது. முழங்கால் மடிந்தது. எழுந்தது. வலக்கை மேலே போய், சுட்டுவிரல் வானத்தைக் காட்டியது. எல்லாமே மெதுவாக. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் பேசவில்லை. எனக்குப் பக்கத்தில், என் தாத்தா வயதில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். 1979இல் அவர் இளையராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அழவில்லை. ஆனால் காணொளி எடுக்கக் கைப்பேசியை உயர்த்தியவள், பாதியில் இறக்கிவிட்டுக் கண்ணால் பார்த்தேன்.

*எடையை யார் தாங்குறா?*

கீழே வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "எடைய யார் தாங்குறான்னு பாத்தியா?"

பார்த்தேன். கண்டாமின் இடுப்புக்குப் பின்னால் ஒரு பெரிய தாங்கி இருந்தது. தண்டவாளத்தில் முன்னும் பின்னும் போகும், மேலும் கீழும் நகரும். கண்டாமின் முழு எடையும் அதன் மீதுதான். கால்கள் நடப்பதுபோல் அசையும், ஆனால் சுமக்காது. அதாவது, யோக்கஹாமா கண்டாம் தன் காலால் நடக்கவில்லை.

இதை வைத்துக் கேலி செய்யும் ரசிகர்கள் உண்டு. 'கம்பியில் தொங்கும் பொம்மை' என்று என் வகுப்பு நண்பன் ஒருவனே சொன்னான். நடப்பது என்பது, விழப்போகும் உடலை ஒவ்வோர் அடியிலும் பிடித்து நிறுத்துவது. ஹோண்டா நிறுவனம் 2000இல் அறிமுகப்படுத்திய அசிமோ ரோபோ சொந்தக் காலில் நடந்தது. ஆனால் அதன் உயரம் 1.2 மீட்டர்தான். விழுந்தால் தூக்கி நிறுத்தலாம். 25 டன் எடையுள்ள 18 மீட்டர் இயந்திரம், காற்று வீசும் கடலோரத்தில், கீழே நூற்றுக்கணக்கானோர் நிற்கும்போது ஒரே ஒருமுறை தடுமாறினால் போதும்.

நான் கொஞ்சம் சமாதானம் சொல்லும் குரலில் இதை அப்பாவிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"இதுல வருத்தப்பட என்னம்மா இருக்கு? கீழ ஆளு நிக்குது. விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுத்தான் எதையும் கட்டணும். இடுப்புல புடிச்சிட்டாங்க. கையும் காலும் தன்னால ஆடுதுல்ல? அந்தக் கை நீட்டி நின்னப்போ தோள்பட்டையில எவ்ளோ பளு விழும் தெரியுமா?"

தெரியும். ஒரு வாளித் தண்ணீரைக் கையைத் தொங்கவிட்டுப் பிடிப்பதற்கும், தோளுக்கு நேராக நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. எடை மாறவில்லை, தோளிலிருந்து தூரம் கூடியதால் முறுக்குவிசை கூடுகிறது. முதலாம் ஆண்டில் எத்தனை கணக்குப் போட்டிருப்பேன்! ஆனால் இத்தனை பெரிய தோளை வைத்துக்கொண்டு யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அங்கிருந்த கண்காட்சிக்கூடத்தில், கண்டாம் எப்படி வடிவமைக்கப்பட்டது, எப்படிப் பொருத்தப்பட்டது என்று விளக்கிவைத்திருந்தார்கள். உடலில் மொத்தம் 24 அச்சுகளில் அசைவு. விரல்கள் தனிக்கணக்கு. மின்மோட்டார் வேகமாகச் சுழலும், ஆனால் அதன் முறுக்குவிசை குறைவு. வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டப் பற்சக்கரப் பெட்டி வேண்டும். அப்பா அந்தப் பகுதியைவிட்டு நகரவில்லை. பாரந்தூக்கியிலும் இதே கதைதான் என்றார். பற்களுக்கு இடையே கொஞ்சம் தளர்வு இருந்தாலும், நீண்ட கையின் நுனியில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும் என்று கைவிரலைக் காட்டி விளக்கினார். என் பாடநூலில் அரைப்பக்கம் எடுத்துக்கொண்ட விஷயம் அது.

"மூணு வருஷம் உப்புக்காத்துல நின்னிருக்கு. துரு கண்ணுல படலை. பாத்துக்குற ஆளுங்க நல்ல வேலைக்காரங்க," என்றார். அப்பா யாரையும் எளிதில் பாராட்டுபவர் அல்லர்.

*அனுப்பாத விண்ணப்பம்*

இந்தப் பயணத்திற்கு முன்பு வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரப் பொறியியலிலிருந்து கணினித் துறைக்கு மாற நான் விண்ணப்பம் எழுதிவைத்திருந்தேன். சம்பளம் கூடுதல், குளிரூட்டிய அறை, வேலை எங்கும் கிடைக்கும் என்பது ஊரறிந்த காரணம். எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. "நான் பட்டது போதும், என் புள்ள கையில கிரீஸ் படக்கூடாது," என்பது அப்பாவின் பல ஆண்டுப் பல்லவி. இரண்டாம் ஆண்டுப் பாடங்கள் கடினமாக இருந்ததால் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அன்று மாலை சைனாடவுனில் சூடான பாவ் வாங்கிச் சாப்பிட்டபடி நடக்கும்போது, அப்பாவே பேச்சை எடுத்தார். துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வாகனங்கள் கொள்கலன்களை ஏற்றிச் செல்வதைப் பற்றிச் சொன்னார். "எல்லாம் கணினிதான். ஆனா சக்கரம் சக்கரம்தான். நின்னுபோச்சுன்னா யாராச்சும் போய்ப் பாக்கணும். அந்த ரெண்டும் தெரிஞ்ச ஆளு எங்ககிட்ட கம்மி." சிறிது தூரம் போனபின், "உனக்குப் புடிச்சா இதையே படி. கிரீஸ் பட்டா கழுவிக்கலாம்," என்றார்.

பெரிய முடிவுகளை ஒரு ரோபோவைப் பார்த்து எடுக்கக்கூடாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். நான் எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. கண்டாமின் கை ஒருமுறை உயர்வதற்கு எஃகும் மோட்டாரும் பற்சக்கரமும் கட்டுப்பாட்டு நிரலும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க வேண்டும். அவை சந்திக்கும் இடம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை அங்கே கண்டுகொண்டேன். இயந்திரப் பொறியியலிலேயே இருந்துகொண்டு, அடுத்த பருவத்தில் கட்டுப்பாட்டுப் பொறியியல், நிரலாக்கம் ஆகிய பாடங்களை எடுக்க முடிவு செய்தேன். விண்ணப்பம் இன்னும் மடிக்கணினியில்தான் இருக்கிறது. அனுப்பவில்லை.

*மூடப்படும் முன்*

நன்றாக ஓடிய ஒன்றை ஏன் மூடினார்கள் என்று பலரும் கேட்டார்கள். ஒரு குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் என்றுதான் அது தொடக்கத்திலிருந்தே அறிவிக்கப்பட்டது. அது நின்ற யமாஷித்தா துறைமேடையை மறுமேம்பாடு செய்ய யோக்கஹாமா நகராட்சி நெடுநாளாகத் திட்டமிட்டு வருகிறது. அங்கே நம் மரினா பே சேண்ட்ஸ்போல் சூதாட்டக்கூடத்துடன் கூடிய ஒருங்கிணைந்த உல்லாசத்தளம் அமைக்கும் எண்ணம் இருந்து, 2021இல் புதிய மேயர் வந்ததும் கைவிடப்பட்டது.

இடம் குறைந்த ஊரில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. செந்தோசாவின் 'அண்டர்வாட்டர் வோர்ல்டு' 2016இல் மூடப்பட்டபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். கண்ணாடிச் சுரங்கத்தில் தலைக்குமேல் திருக்கை நீந்தியது நினைவிருக்கிறது. கடைசி வாரத்தில் போகலாம் என்றார்கள், கூட்டம் என்று போகவில்லை. மூடிய பிறகு நினைவில் தேடுவதைவிட, மூடுமுன் போய்ப் பார்ப்பது நல்லது.

நேரில் போவது எல்லாராலும் முடிந்திருக்காது. செலவும் குறைவில்லை. ஆனால் இதைப் படிக்கும் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இங்கேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கன்ப்லா ஒன்றையோ, வேறு ஏதாவது இணைப்பு உள்ள பொம்மையையோ எடுத்து, கையை நேராக நீட்டிவைத்து, உள்ளங்கையில் ஐந்து காசு நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எத்தனையாவது நாணயத்தில் தோள் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழங்கையை மடித்துவைத்து மீண்டும் செய்யுங்கள். இயற்பியல் ஆசிரியரிடம் காரணத்தைக் கேளுங்கள். அவரும் கண்டாம் ரசிகராக இருந்தால் பாடம் கொஞ்சம் நீளலாம், எச்சரித்துவிட்டேன்.

யோக்கஹாமாவிலிருந்து நான் வாங்கிவந்தது ஒரே ஒரு 1/144 மாதிரி, அங்கிருந்த கண்டாமின் வடிவம். 2025இல் ஒசாக்காவில் நடந்த உலகக் கண்காட்சியில் கண்டாமுக்கெனத் தனி அரங்கு வரவிருந்தது. அதற்கும் வருவீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"அதுலயாவது இடுப்புல புடிக்காம நிக்குமான்னு விசாரிச்சுச் சொல்லு," என்றார்.